வலப்பக்கம் மட்டும் வந்த பந்துகள்

நாடு முழுக்க ஒரே லீக் என்று ஃபுட்பாலுக்கு முதன்முதலாக ஒன்று வந்த வருஷம் நான் மைசூரில் ஒரு கம்பெனி டீமுக்கு கோல்கீப்பர். புரொபஷனல் லீக் என்று பேப்பரில் போட்டார்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. காலையில் ஆறு மணிக்கு பிராக்டிஸ், மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்டோர்ஸில் போய் நின்று நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுப்பது. அதுதான் எங்கள் புரொபஷன்.

கம்பெனி ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் ரோட்டில், ஊரை விட்டுத் தள்ளி இருந்தது. எங்கள் மைதானத்துக்கு கேலரி கிடையாது என்பதால் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களையும் பெங்களூருக்கு பஸ்ஸில் போய் ஆடிவிட்டு வந்தோம். மற்ற ஊர்களுக்கு ரயில். இரண்டு நாள் உட்கார்ந்து போய், கால் வீங்கி இறங்கி, மறுநாள் தோற்றுவிட்டு, மறுபடி இரண்டு நாள் உட்கார்ந்து வருவோம். பட்டியலில் எப்போதும் கடைசிக்கு மேலே ஒன்று, கடைசிக்கு மேலே இரண்டு என்று ஊசலாடிக்கொண்டிருந்தோம்.

டீமில் இரண்டு கீப்பர்கள். நான் ஒருவன். இன்னொருவன் ஹனூர்ப் பக்கத்துக்காரன். வீட்டில் விவசாயம், மழை இல்லாமல் விட்டுவிட்டு மைசூருக்கு வந்துவிட்டார்கள். அவன் பேசும் தமிழில் கோயமுத்தூர்க்காரர்களின் சாயல் இருக்கும். நான் மைசூரிலேயே பிறந்தவன். என் அப்பா சேலத்துப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். ஊரில் அவர் எழுப்பிய சுவர்கள் எத்தனையோ, எங்களுக்கென்று ஒன்று இல்லை. தமிழ் பேச இருவருமே ஆள் தேடிக்கொண்டிருந்ததால் சேர்ந்துகொண்டோம். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எனக்கு அங்கேதான்.

நாங்கள் இருவரும் பர்மனென்ட் ஆகாதவர்கள். சீசன் முடிந்ததும் லிஸ்ட் போடுவார்கள். பெயர் வந்தால் வேலை நிரந்தரம், கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைக்கும். வராவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். பெயர் வர ஒரே விதி, சீசனில் ஒரு ஆட்டமாவது ஆடியிருக்கவேண்டும். கடைசி ஐந்து நிமிஷம் இறங்கினாலும் போதும். ஃபார்வர்டு, ஹாஃப் எல்லாரையும் கோச் அப்படி முறை வைத்து இறக்கிவிடுவார். நல்ல மனுஷன். ஆனால் கீப்பரை யார் சும்மா மாற்றுவார்கள்? முதல் கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் இரண்டாவது கீப்பருக்கு வழி. அவன் வாழ்க்கை என் உடம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். அவனுக்கும் தெரியும். சாப்பிடும்போது நாங்கள் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

நான்காவது ஆட்டத்துக்கு முந்தின வாரம் பிராக்டிஸில் ஒரு பந்தைத் தள்ளப் போய் என் இடது கை கோல்போஸ்ட்டில் இடித்தது. மோதிர விரல் நடுவில் மடங்கி நின்றது. கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த அவன் மட்டும்தான் பார்த்தான். நான் கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன்.

"உடைஞ்சிருச்சாடா?" என்றான்.

"சும்னே இரு மச்சா. கத்தாத."

டிஸ்பென்சரிக்குப் போனால் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். பர்மனென்ட் ஆகாதவன் பெயருக்கு நேராக 'அன்ஃபிட்' என்று விழுந்தால் பர்சனல் ஆபீஸில் அதையே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் டீமில் முந்தின வருஷம் ஒரு விங்கர் அப்படித்தான் கணுக்காலோடு வேலையையும் விட்டுவிட்டுப் போனான். அவனுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் அன்று சாயங்காலம் நான் டிஸ்பென்சரிக்குப் போகவில்லை, அவன் அறைக்குப் போனேன்.

ஐஸ் குச்சி ஒன்றைப் பாதியாக உடைத்து, விரலுக்கு அடியில் வைத்து, நடு விரலோடு சேர்த்து வெள்ளை பிளாஸ்டரால் சுற்றினான். அவன் மனைவி விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். கட்டின கை என் கிளவுஸுக்குள் நுழையவில்லை. அவன் கை என்னுடையதைவிடப் பெரிது. தன் இடது கிளவுஸை எடுத்து மாட்டிவிட்டான், சரியாக இருந்தது. என்னுடையதை அவன் வைத்துக்கொண்டான்.

"ஒரு மேட்ச்ல கடைசி பத்து நிமிஷம் கால் பிடிச்சிக்கிச்சின்னு உக்காந்துடறேன் மச்சா. அதுக்கெல்லாம் ரிஜிஸ்டர் கிடையாது. நீ இறங்கு. கண்டிப்பா" என்றேன். பக்கத்தில் பாயில் கிடந்த குழந்தையின் தலைமேல் கையை வைக்கப்போனேன். அவன் கையைப் பிடித்து நகர்த்தினான்.

"புள்ள தலைய உடு. நீ சொன்னா போதாதா" என்றான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஊர் ஊராக, ஸ்டேடியம் ஸ்டேடியமாக, நாற்றம் பிடித்த கக்கூஸ்களுக்குள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்போம். அவன் குச்சி வைத்துக் கட்டுவான். பல்லால் பிளாஸ்டரைக் கிழிப்பான். வெளியே மற்றவர்கள் கதவைத் தட்டிக் கண்டபடி கேலி செய்வார்கள். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பருக்குப் பந்து உதைத்துக் கை சூடாக்கிவிடுவது இரண்டாவது கீப்பரின் கடமை. கோச் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பார். அவன் இருபது பந்து உதைத்தால் இருபதும் என் வலப்பக்கம் வரும். சும்மா உருட்டி அல்ல, பார்க்கிறவர் நம்புகிற மாதிரி வேகமாக, உயரமாக, தாழ்வாக, ஆனால் வலப்பக்கமே. ஒரு பந்துகூட இடது கைக்கு வராது. இரண்டு கம்பத்துக்கு நடுவிலேயே ஆயுசைக் கழித்தவனுக்கு அப்படி ஒரு உதை எங்கிருந்து வந்ததோ. நான் தாவித் தாவிப் பிடிப்பேன். கோச் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒரே ஒரு தடவை அவருக்குச் சந்தேகம் வந்தது. நான் டீ கிளாஸை எப்போதும் வலது கையில் பிடிப்பதைப் பார்த்திருக்கவேண்டும். என்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டார். "ஏனோ, இவன பெரளு சென்னாகிதியா?" விரல் நன்றாக இருக்கிறதா என்று. ஆமாம், உடைந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே அவன் கம்பத்தில் நின்றிருப்பான். நான் ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"சென்னாகிதே சார்" என்றான்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தை நான் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒன்றில் ஜெயித்துக்கொண்டிருந்தோம், கெடுப்பானேன் என்று தோன்றியது. இன்னொன்றில் தோற்றுக்கொண்டிருந்தோம், தோற்கிற ஆட்டத்தில் அவனைத் தள்ளுவானேன் என்று தோன்றியது. எவ்வளவு கரிசனம் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் "அடுத்ததுல மச்சா" என்பேன். "போவுது உடு, இன்னும் இருக்குதல்ல" என்பான். குழந்தை தலைமேல் சத்தியம் செய்யவில்லையே என்றுகூட ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் அன்று என் கையை நகர்த்தியது எனக்கு வசதியாகப் போயிற்று.

அப்படியே போய்ப் போய்க் கடைசி ஆட்டம் வந்தது. பெங்களூரில், மத்தியான வெயிலில். டிரா செய்தால் லீக்கில் நிற்போம், தோற்றால் வெளியே. அவன் மனைவியையும் குழந்தையையும் அழைத்து வந்திருந்தான். கேலரியில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு யாரோ விசில் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். விரலைக் கட்டும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"இன்னைக்குத்தான்டா கடைசி."

"தெரியும். எம்பதாவது நிமிஷம். ரெடியா இரு" என்றேன். அந்த நேரத்தில் அதை உண்மையாகத்தான் சொன்னேன்.

எண்பதாவது நிமிஷம் யாரும் கோல் போட்டிருக்கவில்லை. நான் அதுவரை இரண்டு நல்ல பந்துகளைத் தடுத்திருந்தேன். கேலரியில் இருந்தவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். அவன் பெஞ்சிலிருந்து எழுந்து டிராக் சூட்டைக் கழற்றி மடித்து வைப்பது தெரிந்தது. வலது கையில் அவன் கிளவுஸ், இடது கையில் இறுக்கமாக என்னுடையது. கோட்டோரமாக மெதுவாக ஓடினான், குனிந்து நிமிர்ந்தான். பிறகு நின்று என்னைப் பார்த்தான்.

கீழே உட்கார்ந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம். கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும். நான் உட்காரவில்லை. நான் தடுத்த ஆட்டம், இதை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஒரு வெறி. லிஸ்ட் போடும் ஆபீசர்கள் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் பயம் கால்வாசி, ஆசைதான் முக்கால்வாசி. அவன் நிற்கும் பக்கம் பார்க்காமல் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்து சுவராக நின்றவர்களைச் சுற்றிக்கொண்டு என் இடப்பக்கம் வந்தது. பெரிய உதை ஒன்றும் இல்லை. கை எட்டும் தூரம்தான். ஆறு வாரமாக அவன் என் இடப்பக்கத்துக்கு ஒரு பந்துகூட வரவிடவில்லை. அந்தப் பக்கம் பந்து வருவதைப் பார்த்ததும் வலிக்கப்போகிறது என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. கையை நீட்டினேன், நீட்டியவன் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டேன். பந்து விரல் நுனியை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று.

வழுக்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ரேடியோவிலும் அப்படித்தான் சொன்னார்களாம். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. அவன் இன்னும் கோட்டோரம் நின்றுகொண்டிருந்தான். அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். கோலை வாங்கிவிட்டு ஓடிப்போனான் என்று சொல்வார்களே என்று நின்றேன். விசில் ஊதியதும் அவன் டிராக் சூட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

டிரெஸ்ஸிங் ரூமில் கிளவுஸைக் கழற்றினேன். கட்டு அப்படியே இருந்தது. ஒரு சுற்றுகூட நெகிழவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வாங்கித்தான் அறுக்கவேண்டி வந்தது.

டீம் லீக்கை விட்டு வெளியேறியது. ஒரு மாதத்தில் கம்பெனி டீமையே கலைத்துவிட்டது. லிஸ்ட் மட்டும் சொன்னபடி வந்தது. எல்லா ஆட்டமும் ஆடியவன் என்று என் பெயர் முதலில் இருந்தது. அவன் பெயருக்கு நேராகக் கோடு. டீமை மூழ்கடித்த ஆளுக்கு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். இரண்டு அறை, உள்ளேயே தண்ணீர்க் குழாய். அவன் அறையைக் காலி செய்த அன்று நான் டியூட்டியில் இருந்தேன். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

இரண்டு வருஷம் நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க வழி செய்துகொண்டேன் என்பதுதான் சரி. தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான் என்று ஸ்டோர்ஸில் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு காய்கறி வாங்க வேறு பக்கம் போனேன். ஒரு பங்குனி மாதம், அம்மாவுக்குப் பூ வேண்டுமென்று அங்கே போகவேண்டி வந்தது.

மார்க்கெட் பின்பக்கம் தர்ப்பூசணி லாரி நின்றிருந்தது. மேலே ஒருவன் நின்று பழத்தைத் தூக்கி எறிகிறான். கீழே இவன் நிற்கிறான். கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கண்ணைப் பழத்தின் மேலேயே வைத்து. வலப்பக்கம் வந்தாலும் இடப்பக்கம் வந்தாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் குனிந்து வைக்கிறான். நான் நின்ற நேரத்தில் முப்பது நாற்பது பழம் வந்திருக்கும். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. எங்கள் டீமில் யார் முதல் கீப்பராக இருந்திருக்கவேண்டும் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

என்னைப் பார்த்துவிட்டான். மேலே இருந்தவனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் காலில் விழுந்திருப்பேன், சத்தியமாக. அவன் என் இடது கையை எடுத்து அந்த விரலைத் தடவிப் பார்த்தான்.

"இன்னும் நிமிரலையா?"

"இல்ல."

விரலை விடாமலே சொன்னான்.

"அன்னைக்கு நான் சரியாக் கட்டலடா. எம்பதாவது நிமிசத்துல எறங்கோணும்னு மனசு முச்சூடும் அதுலயே இருந்துச்சு. பரபரன்னு கட்டிப்புட்டன். குச்சி நகந்திருக்கும், அதான் பந்து வழுக்கிருச்சு. உன்ற பேரையும் கெடுத்து, டீமையும் கெடுத்துப்போட்டனேன்னு ஊட்டுல சொல்லிச் சொல்லி அழுவேன்."

கட்டு நெகிழவே இல்லை, கத்தரிக்கோல் வைத்துத்தான் அறுத்தேன், கையை நான்தான் இழுத்துக்கொண்டேன். மூன்றே வார்த்தையில் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தேன். லாரிமேல் இருந்தவன் நேரமாகிறது என்று கன்னடத்தில் சத்தம் போட்டான். இவன் திரும்பிப் பார்த்தான்.

"பரவாயில்ல விடு மச்சா" என்றேன்.

நான் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. முகம் தெளிந்து, கையை ஒருமுறை அழுத்திவிட்டு லாரிக்கு ஓடினான். நான் பூவை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.