விட்டுப்போன ஒரு வரி

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். என் ஓரகத்தி, அதாவது கணவருடைய தம்பி மனைவி, விராலிமலைப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்காக எழுதியவை. வேறு யாருடைய எழுத்தைப் பார்த்தும் நான் அப்படி வயிறெரிந்ததில்லை.

சென்னையில் எட்டு ஆண்டுகள் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தவள் நான். ஒரு கருவியை எப்படி இயக்குவது, எப்படிப் பராமரிப்பது என்று கையேடு எழுதுவது என் தொழில். மாமனாருக்குக் கைகால் விழுந்துபோகவே, பொன்னமராவதிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினோம். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற வேலைகளெல்லாம் நேர்முகத்தின் நடுவிலேயே சிக்னலோடு அறுந்துபோயின. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பேசியும் பார்த்தேன். ஓராண்டு போனது. களையெடுக்கும் இயந்திரம் செய்யும் ஒரு பட்டறைக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, துணைக்கு ஓரகத்தியையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் பி.எஸ்சி. முடித்துவிட்டு வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தவள். “அக்கா, நானும் சும்மா எழுதிப் பாக்கட்டா?” என்றாள். சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

நான் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அட்டவணை, படம், எண்ணிட்ட குறிப்புகள் என்று ஒன்றையும் விடவில்லை. அவளோ மூன்று நாள் பட்டறை மெக்கானிக்கோடு வயலில் இறங்கி, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினாள். முதல் வரியே, “முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொள்ளுங்கள்” என்பது. எனக்கு அது தோன்றவே இல்லை. முதலாளி இரண்டையும் படித்துவிட்டு என்னிடம், “ஒங்களது ரொம்பச் சுத்தமா இருக்குங்க. ஆனா இவங்க எழுதுனத வாசிச்சா எங்க ஆத்தாவே மெசின ஓட்டிரும்” என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நான்கு தாள்களையும் என்னிடம் நீட்டினாள். “நீங்க பாத்தாத்தாங்க்கா எனக்குத் தைரியம்.” இரண்டாம் பக்கத்தில் என் கண் நின்றது. சுழலும் கத்தியில் புல் சிக்கினால் கையால் எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். அதற்கு முன் எஞ்சினை நிறுத்தச் சொல்லும் வரி இல்லை. ஓட்டிப் பழகியவளுக்கு அது சொல்லாமலே தெரியும், அதனால்தான் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை இன்றும் மறக்க முடியவில்லை. “நல்லாருக்கு” என்று திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மாமனாருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய விரல்கள் என் கையில் அசையாமல் கிடந்தன. நகவெட்டியைப் போட்டுவிட்டு அவளைத் தேடி ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் தாள்களோடு நின்றுகொண்டிருந்தாள். விட்டுப்போன வரியைச் சொன்னேன். நின்ற இடத்திலேயே எழுதிச் சேர்த்தாள். பிறகு தலை நிமிராமல், “நேத்தே பாத்தீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“பாத்தேன்.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

இப்போது மூன்று பட்டறைகளுக்கு அவள் எழுதுகிறாள். பிழை பார்க்கும் வேலை அவள் மூலமாகவே எனக்கு வருகிறது. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அன்று நடந்ததை அவள் ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. எழுதியதை முதலில் என்னிடம்தான் தருகிறாள். நான் பார்த்துத் தந்த பிறகு, அதே தாள்களை மெக்கானிக்கிடமும் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புகிறாள்.