ஈயக்குழியில் ஒரு சக்கரம்

வெள்ளீயம் தோண்டியவர்கள் இந்தோனேசியாவில் எங்கள் பங்கா தீவை விட்டுப் போனபோது குழிகளை மட்டும் மறக்காமல் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்து அவை நிரம்பின. பார்க்கப் பச்சையாக, அழகாகத்தான் இருக்கும். அழகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓடாத, அசையாத தண்ணீர். ஜம்ஹரியின் மகள் உல்ஃபா அப்படி ஒரு குழியில்தான் மூழ்கினாள். எட்டு வயது.

ஜம்ஹரி பம்பு மெக்கானிக். தோண்டிய காலத்தில் சேற்றுத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்களோடு மல்லுக்கட்டியவன். மகளைத் தேடி ஊரே முக்குளித்தும் கிடைக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அவள் தானாகவே மேலே வந்து மிதந்தாள். தூக்கிக் கரையில் கிடத்தியவன் அவன்தான். எல்லாரும் அழுதார்கள், அவன் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா கிடக்கிற இந்தத் தண்ணீருக்கு இவ்வளவு தூக்கும் பலமா என்ற நினைப்பு அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை.

எங்கள் ஊரில் சாவானாலும் பெருநாளானாலும் வீட்டுக்கு ஒரு தாம்பாளத்தில் சோறும் கறியும் வைத்து, சிவப்பு மூடி போட்டு, பள்ளிவாசலுக்குச் சுமந்து போவோம். இமாம் ஓதி முடித்த பிறகுதான் மூடியைத் திறப்போம். உல்ஃபாவின் ஏழாம் நாளன்று ஜம்ஹரி அதை நடத்த விடவில்லை.

"இந்தக் குழி எம்புள்ளய வாங்கிருச்சுல்ல? பதிலுக்கு என்ன குடுக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் சாப்புடலாம். போங்க எல்லாரும்!" என்று வாசலிலேயே நின்று விரட்டிவிட்டான்.

அதன்பிறகு அவனுக்கு ஊணும் உறக்கமும் அந்தக் குழிதான். ஒரு பெரிய சங்கிலி, அதில் வரிசையாகக் காற்றடைத்த டப்பாக்கள். ஒரு பக்கம் தண்ணீருக்குள் அவை மேலே ஏறும். மறுபக்கம் காலிக் குழாய்க்குள் தன் எடையில் கீழே இறங்கும். அடியில் ஒரு ரப்பர் வாய் வழியாக மறுபடி தண்ணீருக்குள் நுழையும். சங்கிலி சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் கரண்டு கொடுக்கும். ஜகார்த்தா வரை அலைந்து பேட்டன்ட்டும் வாங்கிவிட்டான். சட்டம் போட்டு மகளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

"மச்சான், இத வேற எவனும் செய்யலன்னுதான் அதுல எழுதியிருக்கான். ஓடும்னு எழுதலயே?" என்றான் அவன் மனைவி ரொஸ்னிலாவின் தம்பி சுப்ரான்.

"பொறாமைடா ஒனக்கு."

"எனக்கா? ஒங்க டப்பாவப் பாத்தா? அடியில நுழையறப்ப தண்ணி வெளிய தள்ளுமே, அதுக்கு என்ன பதில்?"

ஜம்ஹரி எஞ்சினைக் கிளப்பப் போய்விட்டான். எஞ்சினை வைத்துச் சுற்றிவிட்டால் சக்கரம் ஜோராகச் சுற்றும். எஞ்சினை நிறுத்தினால் நின்றுவிடும். ஒரு தடவை ரப்பரைக் குறை சொல்வான், ஒரு தடவை கிரீஸை. டப்பாக்கள் ஏறும்போது கொடுத்த பலத்தை எல்லாம் அடியில் நுழைவதற்கே தண்ணீர் திருப்பிப் பிடுங்கிக்கொண்டது. பாவி, அது அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"கரண்டு வேணாங்க. ஊர்ல இன்னும் புள்ளைங்க இருக்கு. குழியச் சுத்தி ஒரு வேலி போடுங்க, போதும்," என்று ரொஸ்னிலா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

புது ரப்பர் போட்டதும், இந்தத் தடவை நிச்சயம் என்று ஊர்த்தலைவரிடம் போய்ச் சொன்னான். அவரும் நம்பி, தாம்பாளங்களைக் குழிக்கரைக்கே கொண்டுவரச் சொன்னார். அதுதான் நாங்கள் செய்த தப்பு. சக்கரம் சுற்றுவதற்கு முன்பே சோற்றைச் சுமந்துகொண்டு போய்விட்டோம்.

ஜம்ஹரி எஞ்சினால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எஞ்சினை நிறுத்தினான். சக்கரம் நிற்காமல் சுற்றியது. அதில் மாட்டிய பல்பு எரிந்தது. யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள். பிறகு பல்பு மஞ்சளாகி, சிவந்து, அணைந்தது.

"கசிவு! கசிவுதான்!" என்று கத்திக்கொண்டு குழிக்குள் குதித்தான். மூச்சு வாங்க மேலே வந்தான், மறுபடி முங்கினான். கரையில் மூடிய தாம்பாளங்களுக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. சுமந்து வந்ததைத் திறக்காமல் திருப்பிக் கொண்டுபோக எங்களுக்கு மனசு வராது.

இமாம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நன்றி சொல்லி ஓதத்தான் வந்தேன் ஜம்ஹரி. இப்ப என்னப்பா ஓதட்டும்?"

"உல்ஃபாவுக்கு ஓதுங்க," என்றாள் ரொஸ்னிலா.

"இன்னும் ஒரே ஒரு தடவ..." என்றான் தண்ணீரில் நின்றபடி.

"எத்தன தடவங்க? அது ஒவ்வொரு தடவ நிக்கறப்பவும் எம்புள்ள சாகுறா. போதும், மேல வாங்க."

ஈரம் சொட்டச் சொட்ட வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இமாம் ஓதினார். மூடிகள் திறந்தன. ரொஸ்னிலாவின் தாம்பாளத்தில் அன்னாசி போட்ட மஞ்சள் மீன்குழம்பு இருந்தது, மகளுக்குப் பிடித்தது. பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். அன்றுதான் அவன் வாய்விட்டு அழுதான்.

மறுநாள் குழிக்குள் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றினான். குழாய்களை எல்லாம் அறுத்துக் கரையில் வேலிக்கால்களாக நட ஆரம்பித்தான். சாயங்காலம் வரை நட்டான். ஒரு பக்கத்துக்குக்கூடப் போதவில்லை.