சந்தைக்குப் போகாத சுட்டிக்கிடா

போன வருடத்துக்கு முந்தின வருடம், பக்ரீத் முடிந்த கையோடு, கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு செம்மறியில் ஆரம்பித்து நூறு சேர்த்தேன். என்னைக் கேட்காமல் எங்கள் பக்கம் யாரும் ஆடு வாங்க மாட்டார்கள். ஆடு வளர்க்கும் இருபது குடும்பம் சேர்ந்து சங்கம் வைத்தபோது, என்னைத்தான் தலைவராகப் போட்டார்கள்.

இனம் பெருக்க, ஊரிலேயே நல்ல பொலிகிடாவாகப் பார்த்து, எல்லார் மந்தைக்கும் பொதுவாக விட வேண்டும். அதற்கு ஒரு தொண்டு நிறுவனம் பணம் தருவதாக இருந்தது. அவர்கள் அனுப்பும் கால்நடை டாக்டருக்குக் கிடா பிடித்தால்தான் கையெழுத்து.

திருவண்ணாமலையிலிருந்து வந்த டாக்டரம்மா முன்னால் என் கிடாவை நிறுத்தினேன். எடை போட்டுப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இதைவிட நல்லா வளர்ந்தது இல்லைங்களா?"

"ஏன் இல்ல? ஆறு இருந்துச்சு. பக்ரீத் சந்தையில என் கிடாங்களுக்குத்தான் ஜாஸ்தி விலை!"

"அப்ப இது?"

"இது விலை போவலைங்க. அதான் பொலிக்கு விட்டுட்டேன்."

சுற்றி நின்ற சங்கத்துக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏழே ஆடு வைத்திருக்கும் ஒரு பெண், "இன்னா மாமா, நல்லதையெல்லாம் கறிக்கடைக்கு அனுப்பிட்டு, நோஞ்சானை மாப்பிள்ளை ஆக்கிட்டீங்களே!" என்றாள்.

நாற்பது வருடமாக நான் செய்தது அதுதான். குட்டிகள் வரவரச் சிறுத்ததற்கு மேய்ச்சலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா நோட்டை மூடினார். இருபது குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் என்னால் போகப் பார்த்தது. அதற்குள் அந்தப் பெண் ஓடிப்போய்த் தன் கிடாவை இழுத்து வந்தாள். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, தேக்குமரம் மாதிரி உடம்பு. பக்ரீத்துக்கு முன்பு அதற்கு நானே வியாபாரியைக் கூட்டிப்போனேன். தர மாட்டேன் என்றாள். பிழைக்கத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொன்னவனும் நானே. டாக்டரம்மா முன்னால் அவள் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். அவளோ, "எங்க சங்கத்துக் கிடா இதுதாங்க. தலைவரு வூட்டுது சும்மா பார்வைக்கு" என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். கையெழுத்து விழுந்தது. முதல் பணம் அவள் கிடாவுக்கும் அதன் தீவனத்துக்கும் போனது.

இப்போது என் பட்டியில் பாதிக் குட்டிகள் நெற்றியில் சுட்டியோடு துள்ளுகின்றன. எல்லாம் என் வளர்ப்பு என்றுதான் பெருமை பேசுகிறேன், பழக்கம் விடுமா? ஆனால் வியாபாரி முதலில் கை வைக்கும் குட்டியை "அது விக்கிறதுக்கு இல்லப்பா" என்று நான் சொல்லும்போதெல்லாம், என்னைப் பார்த்துச் சிரித்தாலும் சபையில் என்னை விட்டுக்கொடுக்காத அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.