ஒரு சாண் நீல நாடா

என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு சாண் நீளத்தில் நீல நாடா ஒன்று கிடக்கிறது. புதிய விமானத் தடம் தொடங்கும் நாளில் பயணிகள் ஏறும் வாசலில் கட்டி வெட்டுவார்களே, அந்த நாடா. வெட்டியது நான்தான். பார்ப்பவர்கள் அதை என் பெருமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

ஜெர்மனியில் ஒரு விமான நிறுவனத்தில், அமெரிக்காவின் எந்த ஊருக்கு அடுத்த விமானத்தை விடலாம் என்று ஆராயும் பிரிவில் இருக்கிறேன். பெரிய ஊர்களை எல்லோரும் எப்போதோ பிடித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவை நடுத்தர ஊர்கள். அங்கிருந்து எத்தனை பேர் கடல் தாண்டுகிறார்கள், எங்கே இறங்கி விமானம் மாறுகிறார்கள், விலைகூடிய முன் இருக்கைகளை வாங்கக்கூடிய கம்பனிகள் உண்டா, கோடை முடிந்தபின்னும் விமானம் நிரம்புமா என்பதையெல்லாம் விற்ற டிக்கெட்டுகளின் பட்டியலிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவருக்கு அந்தப் பட்டியல்தான் வேதம். கூட்டத்தில் யாராவது வாயைத் திறந்தால் கையை உயர்த்தி, "எண்கள் பேசட்டும்" என்பார். நல்ல உயரமான மனிதர், அழகாக உடுத்துவார். அவர் சொன்னால் எண்களே எழுந்து நின்று பேசும்போல இருக்கும்.

கொலம்பஸ் நகரத்தை அந்தப் பட்டியல் கைவிட்டிருந்தது. அவ்வூர்க்காரர் லண்டனுக்குப் போவார்கள், அத்தோடு நிற்பார்கள் என்றது பட்டியல். ஆனால் அங்கே இருக்கும் என் மச்சாள் ஒருநாள் தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னாள்: "லண்டனிலை இறங்கி, சூட்கேசெல்லாம் எடுத்து, அம்மாவை வீல்செயரிலை தள்ளிக்கொண்டு திரும்பவும் வரிசையிலை நிண்டனான். ரெண்டு டிக்கெட்டாப் பிரிச்சு எடுத்தால் மலிவு எண்டு ஏஜென்ற் சொன்னவர். இனி என்னாலை ஏலாது."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் சனம் லண்டன்வரை ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து சென்னைக்கோ கொழும்புக்கோ வேறொரு டிக்கெட்டும் வாங்குகிறது. பட்டியலுக்கு அது இரண்டு வேறு மனிதர்கள். ஜெர்மனியில் மாறும் ஒரே டிக்கெட்டை நாங்கள் கொடுத்தால் அவர்கள் எங்களிடம் வருவார்கள். அந்த ஊர் ஏஜென்றுகள் ஒவ்வொருவரையாக அழைத்து, ஆறு வாரம் விசாரித்து, ஒளிந்திருந்த பயணிகளை அட்டவணையாக்கினேன். தலைவரிடம் கொடுத்தபோது, இது வென்றால் துணைத்தலைவர் பதவி உங்களுக்குத்தான் என்றார்.

மேலிடக் கூட்டத்தில் வைத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் என் பெயர் இல்லை. விடுமுறையில் ஒரு டாக்ஸி ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்த யோசனை தனக்கு உதித்ததாகத் தலைவர் சொன்னார். எல்லோரும் சிரித்து மேசையைத் தட்டினார்கள். சுவரோரக் கதிரையில் இருந்து நானும் கேட்டேன். ஆறு வாரம் நான் தொலைபேசியோடு மாரடித்தது ஒரு டாக்ஸிக்காரனுக்குப் போயிற்று. முதல் கோடையிலேயே கொலம்பஸ் விமானம் நிரம்பி வழிந்தது. பதவி, தலைவரோடு டென்னிஸ் விளையாடுபவருக்குப் போனது. கொலம்பஸ் நாடாவைத் தலைவர் வெட்டிய அன்று நான் பயணிகளின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். பொறுமையாக இருங்கள், உங்கள் முறை வரும் என்றார் தலைவர். எனக்கு வந்தது கோபம். அது இன்றுவரை போகவில்லை.

அடுத்த வருடம் அவரே கன்சாஸ் சிட்டியைத் தேர்ந்தெடுத்தார். அங்கேயும் லண்டனோடு நிற்கும் கூட்டம் பெரிதாக இருந்தது. என் அட்டவணையை எடுத்து, அத்தனை பேரையும் ஒளிந்திருக்கும் பயணிகள் என்று கூட்டிவிட்டார். அட்டவணைக்குப் பின்னால் தொலைபேசி இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவுமில்லை. பழக்கதோஷத்தில் நான் அந்த ஊர்த் தமிழ் ஏஜென்றை அழைத்தேன். குறிப்புப் புத்தகத்தில் திகதி, ஊர், கம்பனியின் பெயர் எல்லாம் போட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: "அக்கா, அதெல்லாம் ஒரே கொம்பனி இஞ்சினியர்மார். லண்டனிலை ஒரு வேலை நடக்குது, அதுக்குத்தான் போய் வருகினம். வாற வருசத்தோடை முடியுது. பிறகு ஒருத்தரும் போகமாட்டினம்."

மறுநாள் மேலிடக் கூட்டம். உள்ளே போகுமுன் தலைவர் என்னைப் பார்த்து, எண்கள் சரிதானே என்று கேட்டார். பட்டியலில் இருந்த எண்களை அவர் சரியாகத்தான் கூட்டியிருந்தார். சரி என்றேன். எண்களைப் பேசவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

தொடக்க நாளில் அவருக்குப் பெருந்தன்மை பொங்கியது. எல்லோர் முன்னாலும் கத்தரிக்கோலை என் கையில் தந்தார். உங்கள் முறை வந்துவிட்டது என்றார். நான் சிரித்துக்கொண்டே வெட்டினேன். வெட்டிய துண்டைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டேன்.

இஞ்சினியர்கள் வீடு திரும்பிய மாதத்திலிருந்து விமானம் பாதி காலியாகப் பறந்தது. ஒரு குளிர்காலத்தைக்கூட அது தாண்டவில்லை. தலைவரை விருந்தினருக்குக் கட்டடம் சுற்றிக்காட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். டென்னிஸ்காரர் வேறு நிறுவனம் தேடிப் போனார். இப்போது தலைவரின் கதிரையில் நான் இருக்கிறேன். கன்சாஸ் சிட்டி கவுன்ரரில் நின்ற பெண்கள் வேலை இழந்தார்கள். தொடக்க நாளில் தாங்களே செய்த கேக்கின் படத்தை எங்களுக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அதுமட்டும் குத்துகிறது. வேறெதுவும் குத்தவில்லை. எல்லாம் தெரிந்த என் கணவர் ஒருமுறை, "இப்பிடிச் செய்துபோட்டு உமக்கு நித்திரை வருதோ?" என்று கேட்டார். "ஓம், நல்லா வருது" என்றேன். அது உண்மை.

நாளை அந்தப் பழைய தலைவர் ஓய்வு பெறுகிறார். பரிசு வாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம், நானும் போட்டேன். போன வாரம் உணவறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். கன்சாஸ் சிட்டியிலிருந்து லண்டனோடு நின்ற அந்தப் பயணிகள் யார் என்று இன்றுவரை தனக்கு விளங்கவில்லை, அதுதான் மனதை அரிக்கிறது என்றார். சூப்பை முடித்துவிட்டு, யோசித்துப் பார்க்கிறேன் என்றேன்.

இன்று காலை இழுப்பறையைத் திறந்து, அவருக்குக் கொடுக்க நாடாவை ஓர் உறையில் இட்டேன். கூடவே குறிப்புப் புத்தகத்திலிருந்து கிழித்த அந்தத் தாளையும் வைத்தேன். தமிழ் அவருக்கு வாசிக்க வராது. ஆனால் கன்சாஸ் சிட்டி, லண்டன், அந்தக் கம்பனியின் பெயர், இவற்றை ஜெர்மன் எழுத்தில்தான் எழுதியிருந்தேன். மேலே திகதியும் இருக்கிறது, கூட்டத்துக்கு முந்திய நாள். அது எண்ணில் இருக்கிறது. அது பேசட்டும்.