நொண்டி மிதி

என் வலது காலை நான் உடைத்துக்கொண்ட விதத்தில் ஒரு வீரம் இருந்தது என்று இன்றைக்கும் நம்புகிறேன். அப்படி நம்புகிறவன் நான் ஒருவன்தான் என்பது வேறு விஷயம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் காலை வேளைகளில் பாவு விரிப்பார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முளையடித்து, பட்டு இழைகளைப் பாய் மாதிரி இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்து, அறுந்ததை முடிந்து, பிறகுதான் சுருட்டித் தறிக்கு எடுத்துப் போவார்கள். பாவு விரித்திருக்கும்போது நாய்கூட எங்கள் தெருவில் ஒதுங்கித்தான் நடக்கும். பாவைத் தொடக்கூடாது, கீழே நுழையக்கூடாது, தாண்ட நினைக்கவே கூடாது. இப்படிச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தாண்டும் ஆசையை உண்டாக்கினார்கள்.

அன்றைக்கு விரித்திருந்தது என் பெரியப்பாவின் பாவு. அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, அதற்குக் காவல் நின்றான்.

"நீ தாண்டிடுவியா? உன் மூஞ்சிக்கு!" என்றான்.

தாண்டப்போவது கால், மூஞ்சி அல்ல என்று அவனுக்குக் காட்டவேண்டியதாயிற்று. முளையருகே பாவு ஒடுங்கி, முழங்கால் உயரத்துக்கு இறங்கும் இடமாகப் பார்த்து ஓடிவந்து குதித்தேன். சுத்தமான தாண்டல். ஒரு இழைகூட என்மேல் படவில்லை. அந்தப் பக்கம் யாரோ போட்டுவைத்திருந்த கல்லுரலைத்தான் நான் யோசிக்கவில்லை.

நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா தறிக்குழியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். வந்தவர் குனிந்தார். என் பக்கம் குனிந்திருந்தால் நான் ஏன் இதை இத்தனை வருஷம் நினைவில் வைத்திருக்கப்போகிறேன்? பாவின் பக்கம் குனிந்தார். முளையிலிருந்து ஆரம்பித்து இழைகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"எதுனா அறுந்துச்சாபா?" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணா. ஒண்ணும் ஆவலை."

தெரு முழுக்கப் பெருமூச்சு விட்டது. அப்புறம்தான் யாரோ ஒருவருக்கு என் ஞாபகம் வந்து, "பையன் கால் இன்னாது இப்படித் திரும்பிக்கினு இருக்குது?" என்று கேட்டார்.

ஐயம்பேட்டையிலிருந்து எலும்பு வைத்தியர் வந்தார். முழங்காலுக்குக் கீழே முறிவு. மூங்கில் பத்தை வைத்து, உளுந்து மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்துப் பூசி, தொடையிலிருந்து கணுக்கால்வரை துணி சுற்றினார். எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்கு உள்ளே போகாமல் வெளியோடு நின்றுவிட்டது.

கட்டோடு கிடந்த நாட்கள் ராஜபோகம். பள்ளிக்கூடம் இல்லை, கடைக்கு ஓடும் வேலை இல்லை. கட்டை அவிழ்த்த பிறகுதான் வினை பிடித்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. வைத்தியர் காலை மடக்கிப் பார்த்தார். நான் அவர் கையைக் கடித்துப் பார்த்தேன்.

"தோ பாருபா," என்று அவர் கையைத் தடவிக்கொண்டே நைனாவிடம் சொன்னார். "எலும்பு என் வேலை, முடிஞ்சுபோச்சு. முட்டி உங்க வேலை. தெனம் மடக்கி நீட்டணும். பையன் அழுவறானேன்னு வுட்டீங்கன்னா கட்டை மாதிரி நின்னுடும். அப்புறம் ஆயுசுக்கும் இழுத்துக்கினுதான் நடப்பான்."

அதைக் கேட்டதும் அம்மா தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், கால் சரியானால் என் மகன் உனக்குத் தினமும் தோப்புக்கரணம் போடுவான் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். வேண்டுதல் அவளுடையது, முட்டி என்னுடையது. இதை எப்படி நிறைவேற்றிக்கொள்வது என்று பிள்ளையாருக்கே யோசனையாக இருந்திருக்கும்.

எண்ணெய் போட்டு உருவினார்கள். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள். யார் கை முழங்காலை நோக்கி வந்தாலும் தெருக்கோடிவரை கேட்கிறமாதிரி அலறுவேன். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வரும் கோயில் இட்லி என்றால் எனக்கு உயிர். மிளகும் சுக்கும் மணக்க மணக்க ஒரு துண்டைத் தரையில் வைத்து, "குந்திக்கினு எடுத்துக்கோடா கண்ணு" என்றாள் அம்மா. நான் குப்புறப் படுத்து, ஊர்ந்துபோய், கையைக்கூட உபயோகிக்காமல் தின்று முடித்தேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

எனக்கும் உள்ளூர பயம் இல்லாமல் இல்லை. பங்குனித் தேருக்கு முன்னால் ஓடவேண்டும். எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் ஓடுவார்கள். அண்ணன் அதற்குள்ளேயே எனக்கு நொண்டிச்சாமி என்று பெயர் வைத்திருந்தான். ஆனால் வலி வந்தால் தேரும் மறந்துபோகும், சாமியும் மறந்துபோகும்.

வைத்தியர் மறுபடி வந்து பார்த்தார். கால் அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தது. அவருக்கு வந்ததே கோபம்.

"தறிக்காரன் வூட்ல முட்டிக்கு மருந்து தேடறீங்களே! மிதிப்பலகை இன்னாத்துக்கு இருக்குது? ஏத்தி உக்கார வைங்க!"

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஒரு மிதிப்பலகையை அழுத்தினால் பாவின் இழைகளில் பாதி மேலே ஏறும், பாதி கீழே இறங்கும். நடுவில் வாய் திறக்கும். அதற்குள் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா என்கிற கட்டை ஓடும். அடுத்த காலால் அடுத்த பலகையை அழுத்தினால் வாய் மாறித் திறக்கும். முழங்கால் மடங்கி நீண்டால்தான் துணி வளரும்.

மறுநாள் நைனா தம் இடத்தில் என்னை உட்காரவைத்தார். எனக்குப் பின்னால் அவர் உட்கார்ந்து, தம் கால்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டார். கைகள் மட்டும் என்னைச் சுற்றிவந்து நாடாவைப் பிடித்தன. தறியில் இருந்தது அரக்கு நிறப் பட்டு, நல்ல ஜரிகைக் கரை; பட்டும் ஜரிகையும் கடை முதலாளி கொடுத்தவை, எங்களுக்கு நெய்கிற கூலி மட்டும்தான். கரைக்கு நாடா கோத்துக்கொடுக்கப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான், வேடிக்கைக்குக் காசு கொடுக்காமல் வந்தவன் மாதிரி.

இடது காலுக்கு வாய் ஜம்மென்று திறந்தது. வலது காலை அழுத்தினேன். முழங்காலில் யாரோ ஆணி அடித்தார்கள்.

"நைனா, நீயே மிதி!"

அவர் கால் பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கட்டைவிரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை.

"நீ மிதிச்சாத்தான் துறக்கும்பா. எனக்கு இன்னா அவசரம், காத்துக்கினு இருக்கறேன்."

அழுதுகொண்டே அழுத்தினேன். வாய் அரைகுறையாகத் திறந்தது. நைனா சட்டென்று நாடாவை விட்டார். அது இழைகளில் தட்டித் தடுமாறி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"போச்சு பாரு! துறந்துட்டான்யா என் புள்ள!" என்றார்.

"நொண்டி மிதி," என்றான் அண்ணன்.

"நீ நாடாவைப் பாருடா," என்றார் நைனா.

அப்படியே தினமும் நடந்தது. நான் அழுவேன், மிதிப்பேன், அவர் நாடாவை விடுவார், சபாஷ் என்பார். சரியாகத் திறக்காத வாய்க்குள் நாடா போனால் நூல் உள்ளே பிணையாமல் மேலாக மிதந்து கிடக்கும். எனக்கே அது கண்ணில் பட்டது. நைனாவுக்கு மட்டும் படவில்லை. பாவம், கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அண்ணனிடமும் சொன்னேன். இரண்டு பேரும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

ஒரு நாள் பெரியப்பா வந்து துணியைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி! உனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடா? எங்க பாத்தாலும் நூலு மெதக்குது! பட்டு யாருது? ஜரிகை யாருது? மொதலாளி இதை உன் தலையிலதான் கட்டுவாரு, தெரியுமில்ல?"

"மெதக்கட்டும்ணா," என்றார் நைனா. "நீ மிதிடா."

நாள் போகப் போக ஆணி அடிப்பது குறைந்தது. ஒரு நாள் வலது காலுக்கும் வாய் முழுசாகத் திறந்தது. நாடா எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நைனா சபாஷ் சொல்லவில்லை. என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டார். தாடி குத்துகிறது என்று நான் நெளிந்தேன்.

புடவை முடிந்ததும் நைனா அதை மடித்து முதலாளி கடைக்கு எடுத்துப் போனார். சாயந்திரம் அதே மடிப்போடு அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பிவந்தார். அம்மாவிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். கல்யாணப் புடவைக்குப் பிறகு அவளுக்கு வாய்த்த பட்டு அதுதான். எங்கள் முதலாளி எவ்வளவு நல்லவர், நான் கஷ்டப்பட்டு மிதித்த புடவையை எங்களுக்கே தந்துவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கேட்டவர்கள் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்கள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் பாக்கி இருந்தது.

பங்குனித் தேரன்று அம்மா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டாள். தேரடிக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டு அத்தை அவள் முதுகைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, புதுப் புடவையில எலி ஓடினாப்பல இருக்குது?" என்று கேட்டாள்.

"எலி இல்லத்தே, நானு!" என்றேன்.

அம்மா திரும்பாமலே சிரித்தாள். நைனாவும் சிரித்தார். தேர் அசைந்ததும் நான் ஓடினேன். அண்ணனையும் முந்திக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது நைனா என் முழங்காலைத் தொட வந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தெருவில் நான் விழுந்து கிடந்தபோது அவர் முதலில் பார்த்தது பாவைத்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்தில் நடந்தேன். எனக்கு முன்னால், அந்த அரக்குப் புடவையில், அம்மா போய்க்கொண்டிருந்தாள்.