வெள்ளைக்கல்லின் அணுக்களை அளந்தவர்

பழனியப்பன் போய்விட்டார் என்று அவர் தம்பி எழுதிய கார்டு புதன்கிழமை கல்லூரிக்கு வந்தது. வகுப்பில் இருந்தேன். படித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். சேலத்தில் பதினோரு வருஷம் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தோம். அவரை அறிந்த உங்களிடம் ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவருக்கு நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லுக்குள் அணுக்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி நிற்கின்றன என்று அளந்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பைத்தியம். நம் சேலத்து மலையில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லை மாவாக அரைத்து, கோடை லீவில் பெங்களூருக்குக் கொண்டுபோய், தெரிந்தவர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே படம் எடுத்து வந்தார். படத்தில் விழுந்த கோடுகளை வைத்து அணு அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிட்டார். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக்கோடிப் பங்கு வைத்தால் அதில் இரண்டே முக்கால் பங்கு! "ஏனுங்க, இதுக்கு முன்னால மயிரிழைகூடத் தேர்வடமுங்க" என்று சிரித்தார்.

கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்புமுன் என்னைச் சரிபார்க்கச் சொன்னார். "நீங்க நெசவுக்கார ஊட்டுல பொறந்தவரு. எண்ணிக்கை உங்களுக்குத் தப்பாதுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாவு இழைகளைக் கோத்துவிடும் சீப்பான தறிப் பண்ணையில் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் இரண்டு இழை ஓடும். இளம்பிள்ளையில் எங்கள் வீட்டில் அந்த இரண்டையும் சேர்த்து ஒன்று என்றே எண்ணுவார்கள். அந்தப் பழக்கத்தில், அடுத்தடுத்த அடுக்குகளை ஜோடி சேர்த்துவிட்டேன். "தூரத்தைப் பாதியாக்கிவிட்டீர்கள்" என்று அவர் எண்ணை அடித்து, ஐந்தரை என்று எழுதினேன். அவர் சற்றுத் தயங்கினார். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

கட்டுரை திரும்பி வந்தது. தூரம் இருமடங்காக இருக்கிறது, எழுதியவருக்கு அடிப்படையே தெரியவில்லை என்று கூடவே ஒரு கடிதம். பிரின்சிபால் அதை ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். சிரித்தார்கள். நான் சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும், "நான் உள்ளேயே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஆரம்பித்தேன்.

"உடுங்க சாமி. கையெழுத்து என்னுதுதானுங்களே" என்றார்.

அதன்பிறகு அவர் எதையும் அளக்கவில்லை. திருத்தி அனுப்புங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். சபையில் சொல்லவேண்டியதை மட்டும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன?

அந்தக் கணக்குத்தாள் என்னிடம் இருக்கிறது. அவரை அரைகுறை என்று இன்றும் சொல்பவர்கள் வந்து பார்க்கலாம். நீல மசியில் இருப்பது அவர் கண்ட தூரம், அது சரி. அதன்மேல் ஓடும் சிவப்புக்கோடு என்னுடையது.