சேவலுக்கு வந்த அம்மாள்

எங்கள் சுருவில் ஊரில் கோழிக்கு வருத்தம் வருவது காற்றைப் பார்த்துத்தான். சோளகம் வீசும் கோடையில் தூங்கித் தூங்கிச் சாகும். மாரி மழையில் கடிக்கிற நுளம்பு பெருகினால் கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் போடும். போன மாரியில் அந்தக் கொப்புளம் என் சிவத்தச் சேவலுக்கு வந்தது. நத்தார்ப் பெருநாளுக்குக் குழம்பு வைக்கலாம் என்று என் மனிசன் ஆவணியிலிருந்தே வாயூறிக் கொண்டிருந்த சேவல். நானோ அதைக் குஞ்சிலிருந்து தீத்தி வளர்த்தவள். வெட்ட விடுவேனா?

மிருக வைத்தியர் தெளிவாகத்தான் சொன்னார். "இது நுளம்பால வாற கோழி அம்மை. மாரிக்கு முதலே ஊசி போட்டிருக்க வேணும். பரவாயில்லை, தன்பாட்டில காயும். மனிசருக்குத் தொத்தாது."

அதில் எனக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

"இஞ்சாருங்கோ, சேவலுக்கு அம்மாள் வந்திட்டா. கத்தி வைக்க ஏலாது."

நாங்கள் யேசுவைக் கும்பிடும் வேதக்காரர்தான். ஆனால் அம்மாள் என்றால் எந்த வேதக்காரன் எதிர்த்துக் கதைப்பான்? மனிசன் போய் வேப்பிலை முறித்து வந்து கோழிக்கூட்டில் செருகினார். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

நத்தாருக்கு முதல் நாள் கடல் கொஞ்சம் அடங்கியது. வள்ளத்தில் போன அவர் கொழுத்த பாரை மீன் ஒன்றோடு வந்தார். நான் கத்தியை எடுக்க, பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா. ஒரு விரதமும் தவறாத சைவக்காரி.

"என்ன பிள்ளை, அம்மாள் நிக்கிற வளவில மீன் வெட்டுறீரோ? அவ போகுமட்டும் மச்சம் ஆகாதெல்லே!"

"அதுதானே!" என்ற என் மனிசன், பாரையைத் தூக்கிக் கொண்டு நேரே தமக்கை வீட்டுக்கு நடந்தார். பாவி மனிசன்! நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நத்தாரன்று பூசணிக்காயும் பருப்பும் தின்றோம். தமக்கை வீட்டு மீன் பொரியல் வாசம் காற்றில் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தை பிறந்து மழை விட்டதும் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. சேவல் பழையபடி கூவத் தொடங்கியது. கூட்டிலிருந்த வேப்பிலையைக் கழற்றிக் கொண்டே மனிசன் சொன்னார்:

"வைத்தியரை நான் அண்டைக்கே துறையடியில கண்டனான். நுளம்பு வருத்தமெண்டு சொன்னவர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் அந்தப் பாரையைக் குடுத்தனீங்கள்?"

"நீர் பூசணிக்காய் திண்ட முகத்தைப் பார்க்கத்தான்! அதுக்கு ஒரு பாரை என்ன, வள்ளத்தையே குடுக்கலாம். சேவலை நீரே வைச்சிரும்."

இந்த மாரி தொடங்க முதல், ஊசி போடச் சேவலைத் தூக்கிக் கொண்டு போனவரும் அவர்தான். நான் போகவில்லை. அடுப்பில் பாரை பொரிந்து கொண்டிருந்தது.